காலண்டர் கமிஷன்: பெட்ரோல் செலவுக்கு வரிக்கழிவு உண்டா?

ஆடிப்பெருக்கு வந்தா சிவகாசியில புது காலண்டர் ஆல்பம் வெளியாகிடும். விருதுநகர் பக்கம் மாசச் சம்பளத்துல இருக்குற ஒருத்தர் அந்த ஆல்பத்தை எடுத்துக்கிட்டு, சாயங்காலமும் ஞாயித்துக்கிழமையும் கடை கடையா ஏறி ஆர்டர் பிடிக்கிறார்னு வச்சுக்கோங்க. தனி ஆஃபீஸ் கிடையாது, வீட்டு ஹால்தான். பைக் பெட்ரோலை வரியில கழிக்கலாமா?

கழிக்கலாம், ஆனா முழுசா இல்ல.

காலையில கம்பெனிக்குப் போற பெட்ரோலை மறந்துடுங்க. சம்பளத்துக்கு ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷன் மட்டும்தான். கமிஷன் தொழில் வருமானம். 1961 வருமான வரிச் சட்டம் 37(1) பிரிவுப்படி முழுக்க முழுக்க தொழிலுக்காகச் செஞ்ச செலவு கழியும். புது வரி முறையிலும் இது உண்டு. 80சி மாதிரி பறிபோகாது. (2026 ஏப்ரல் 1 முதல் 2025 சட்டம் வருது. பிரிவு எண்தான் மாறும்.)

வீட்டு வாசல்ல இருந்தே தொழில் பயணம் ஆரம்பிக்குமா? இங்கிலாந்துல ரெண்டு வழக்கு. 1952-ல ஒரு வக்கீல், வீட்டுல ராத்திரி கேஸ் கட்டு படிக்கிறேன்னு சொல்லி சேம்பருக்குப் போன செலவைக் கேட்டார். கிடைக்கல. 1971-ல ஒரு கொத்தனார், வீட்டுலயே கணக்கும் கருவியும் வச்சுக்கிட்டு சைட் சைட்டா போனவர். அவருக்குக் கிடைச்சது, ஏன்னா வீடுதான் அவர் தொழிலிடம். நம்ம ஊருக்கு அந்தத் தீர்ப்பு கட்டாயம் இல்ல. ஆனா உங்க நிலைமை கொத்தனார் பக்கம்தான்.

இப்போ கணக்கு. வருஷம் பைக் ஓடினது 6,000 கிலோமீட்டர், அதுல ஆர்டருக்காக 2,400. அதாவது 40%. பெட்ரோல், சர்வீஸ், இன்சூரன்ஸ் சேர்த்து 30,000 ரூபாய்னா 12,000 கழிக்கலாம். கமிஷன் 60,000-னா, வரிக்கு வர்றது 48,000. பைக் இஎம்ஐ-யில அசல் கழியாது; தேய்மானம் அதே விகிதத்துல உண்டு. ஹெல்மெட் போடாம கட்டின ஃபைன்? கிடையாது சாமி.

குடும்பத்தோட இருக்கன்குடி கோயிலுக்குப் போற வழியில சாத்தூர்ல ஒரு கடையில ஆர்டர் எடுத்தீங்களா? அந்த ட்ரிப்பை எழுதாதீங்க. சின்னத் தொகை, ஆனா இப்படி ஒண்ணு மாட்டினா மொத்த நோட்டையும் சந்தேகப்படுவாங்க.

இன்னொண்ணு, கமிஷன் வருமானத்துக்கு 44ஏடி கிடையாது. அதனால தேதி, ஊர், கடை, கிலோமீட்டர் எழுதின நோட்டும் பில்லும்தான் உங்க ஆதாரம். வருஷக் கடைசியில ஒரே பேனாவுல உட்கார்ந்து எழுதினா பார்த்ததுமே தெரிஞ்சிடும். ஆர்டர் எடுத்த அன்னைக்கே எழுதுங்க.

அச்சகம் டிடிஎஸ் பிடிச்சிருந்தா கமிஷன் ஏற்கெனவே உங்க ஏஐஎஸ்-ல இருக்கும். ஐடிஆர்-1 போட்டு மறைக்க முடியாது. ஐடிஆர்-3 போடுங்க.