மலைச்சரிவில் வீடு: ஏறுவது எப்படி?

மாணவர்களே, கடையில் 10 கிலோ அரிசி வாங்கி வீடு திரும்புகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். வீடோ 250 படிகளுக்கு மேலே, செங்குத்தான சரிவில் இருக்கிறது. பஸ் அங்கே ஏறாது. சைக்கிளும் பயன்படாது. என்ன செய்வீர்கள்?

தென் அமெரிக்காவில், சிலி நாட்டின் வால்பரைசோ துறைமுக நகரில் பலருக்கு இது அன்றாடப் பிரச்சினை. அங்கே கடலோரத்தில் சமநிலம் ஒரு குறுகிய பட்டையாகத்தான் உள்ளது. மற்றவை குன்றுகள், நாற்பதுக்கும் மேல். பெரும்பாலான மக்கள் அவற்றின் மேல்தான் குடியிருக்கிறார்கள்.

ஒரு சிறு கணக்குப் போடுவோம். ஒரு படியின் உயரம் 16 செ.மீ. என்றால் 250 படிகள் 40 மீட்டர் உயரம். உங்கள் நிறை 50 கிலோகிராம். அரிசியுடன் சேர்த்து 60. புவிஈர்ப்பு முடுக்கத்தை 10 எனக் கொண்டால், செய்யவேண்டிய வேலை 60 × 10 × 40 = 24,000 ஜூல். பாதையை வளைத்து நீளமாக்கினால் தேவையான விசை குறையும். ஆனால் நடக்கும் தூரம் கூடும். புவிஈர்ப்புக்கு எதிரான வேலை குறையாது. இளைஞருக்கே மூச்சு வாங்கும் என்றால், முதியவர்களும் நோயாளிகளும் என்ன செய்வார்கள்?

இதற்கு விடையாக 1883இல் அந்நகரில் முதல் இழுவை வண்டி ஓடத் தொடங்கியது. சரிவில் தண்டவாளங்கள், ஒரே கம்பி வடத்தில் இணைத்த இரண்டு பெட்டிகள். ஒன்று ஏறும்போது மற்றது இறங்கும். ஏறும் பெட்டியில் 6 பேரும் இறங்கும் பெட்டியில் 4 பேரும் இருந்தால், பெட்டிகளின் எடை ஒன்றையொன்று ஈடுசெய்துவிடும். மோட்டார் இரண்டு பேரின் எடையையும் உராய்வையும் சமாளித்தால் போதும்!

மோட்டாரே இல்லாமலும் இது நடக்கும். இங்கிலாந்தில் லின்டன், லின்மவுத் என்ற ஊர்களை இணைக்கும் வண்டி 1890 முதல் நீரால் இயங்குகிறது. இரு பெட்டிகளிலும் நீர்த்தொட்டிகள் உண்டு. கீழ்ப்பெட்டியிலிருந்து நீரைத் திறந்துவிட்டால் மேல்பெட்டி கனமாகி இறங்கும். கீழ்ப்பெட்டி மேலே ஏறும்.

பாதை என்பது வசதி மட்டுமன்று, உயிர்க்காப்பும் ஆகும். 2014 ஏப்ரலில் வால்பரைசோ குன்றுகளில் பெருந்தீ பரவியது. குறுகிய, செங்குத்தான தெருக்களில் தீயணைப்பு வண்டிகள் ஏறத் திணறின. 15 பேர் இறந்தனர். 2,500க்கும் மேற்பட்ட வீடுகள் எரிந்தன. சரிவில் வீடு கட்டுமுன் வழியை யோசிக்கவேண்டும் என்பதை இது காட்டுகிறது.

செய்து பாருங்கள்: வெற்று நூற்கண்டு உருளையில் ஒரு பென்சிலைச் செருகுங்கள். உருளையின் மேல் நூலைப் போட்டு, இரு முனைகளிலும் ஒரே அளவான காலித் தீப்பெட்டிகளைக் கட்டுங்கள். இரண்டிலும் பத்துப் பத்துச் சிறு கற்கள் இடுங்கள். பிறகு ஒரு பெட்டியில் மட்டும் ஒவ்வொரு கல்லாகச் சேருங்கள். எத்தனையாவது கல்லில் பெட்டி இறங்குகிறது? ஒரு கல்லிலேயே இறங்கவில்லை என்றால், தடுப்பது எது?