ஏரி வாளையும் போலி இரையும்

நமது கிராமங்களில் ஏரி, குளங்களைக் குத்தகைக்கு எடுத்து மீன் வளர்ப்போர் அடிக்கடி முறையிடும் குறை ஒன்று உண்டு. ஐப்பசியில் குஞ்சு விட்டோம், சித்திரையில் வலை இழுத்தால் விட்டதில் காற்பங்குகூட அகப்படவில்லை என்பர். குஞ்சு தரமற்றது என்பார் ஒருவர். இரவில் திருட்டு நடக்கிறது என்பார் மற்றொருவர். இவ்விரண்டும் சிற்சில இடங்களில் உண்மையே. ஆயினும் பல ஏரிகளில் திருடன் நீருக்குள்ளேயே குடியிருக்கிறான். அவன் பெயர் வாளை.

ஈண்டுக் குறிப்பிடுவது கடலில் கிடைக்கும் நாடாப் போன்ற வாளையன்று. ஆறுகளிலும் ஏரிகளிலும் வாழும், செதிலற்ற, கெளிற்றினத்தைச் சேர்ந்த பெருமீனாகும். தட்டையான தலையும், கண்ணுக்கும் பின்னே செல்லும் அகன்ற வாயும், நீண்ட மீசையும் கொண்டது. ஒரு மீட்டருக்கு மேலும் வளரக் கூடியது. சிறு வயதில் பூச்சிகளையும் இறால்களையும் உண்ணும் இது, சற்று வளர்ந்ததும் மீனையே உணவாகக் கொள்கிறது. தன் இனத்துக் குஞ்சையும் விடுவதில்லை.

2019-ஆம் ஆண்டில் நான் பணியாற்றிய ஒன்றியத்தில் மகளிர் குழு ஒன்று கடன் பெற்று ஓர் ஏரியில் மீன் வளர்க்க முன்வந்தது. விரலளவுகூட வளராத குஞ்சுகளை விடுவதற்கு இசைவளித்தவன் நானே. அந்த ஏரி கோடையிலும் முற்றும் வற்றுவதில்லை. மதகடி மடுவில் கருவேலங்கட்டைகள் மூழ்கிக் கிடப்பதால் அங்கு வலை இழுக்க இயலாது. இவற்றை அறிந்திருந்தும், உள்ளே ஏற்கெனவே என்ன மீன் இருக்கிறது என்று ஊராரைக் கேட்டறியாமல் விட்டது என் பிழை. அறுவடையில் கிடைத்த பணம் வட்டிக்கே போதவில்லை. வலையில் வந்த வாளை ஒன்றின் வயிற்றைக் கரையிலேயே அறுத்தார்கள். உள்ளே பாதி செரித்த ரோகு மீன்கள் கிடந்தன. அப்பெண்கள் என்னை நோக்கி ஒரு சொல்லும் கூறவில்லை. கூறியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

ஊனுண்ணி மீன்களை ஒழிக்க இலுப்பைப் பிண்ணாக்கு இடுவது நெடுநாளைய முறை. ஒரு ஹெக்டேர் பரப்பில் ஒரு மீட்டர் ஆழமுள்ள நீருக்கு 2,500 கிலோ தேவைப்படும். சிறு பண்ணைக் குட்டைக்கு இது ஏற்றது. கால்நடைகள் நீர் அருந்தும் பெரிய ஏரிக்கு இது பொருந்தாது. செலவும் தாங்காது; நல்ல மீன், கெட்ட மீன் என்ற வேறுபாடின்றி அனைத்தும் மடியும். நஞ்சின் வேகம் தணிய இரண்டு மூன்று வாரங்கள் ஆகும். வலையும் ஓடாது, பிண்ணாக்கும் கூடாது என்ற நிலையில் எஞ்சுவது தூண்டில்.

தூண்டில் என்றவுடன் மண்புழுவை நினைத்தல் வேண்டா. புழுவைக் கோத்தால் நாம் காசு கொடுத்து விட்ட ரோகுக் குஞ்சுகளே முதலில் வந்து கடிக்கும். போலி இரையின் தனிச்சிறப்பு இங்கேதான் விளங்குகிறது. கட்லா நீரில் மிதக்கும் நுண்ணுயிர்களை உண்பது. மிர்கால் அடிமண்ணின் மக்கலை மேய்வது. ஓடும் சிறுமீன்போல மின்னிச் செல்லும் ஓர் உலோகத் தகட்டை இவை துரத்துவதில்லை. வாளை துரத்தும், விராலும் துரத்தும். ஏரியில் எந்த மீனைக் குறைக்க வேண்டுமோ, பெரும்பாலும் அதுவே முள்ளில் ஏறுகிறது.

இது புதிய கண்டுபிடிப்பன்று. அமெரிக்காவில் ஜூலியோ பியூல் என்பவர் 1852-இல் உலோக இரைக்குக் காப்புரிமை பெற்றார். சென்னை மாகாண ஆட்சிப்பணியிலிருந்த ஹென்றி சல்லிவன் தாமஸ் நம் நாட்டுத் தூண்டிற் கலைபற்றி 1873-இல் ஒரு நூலும், ஏரிகளில் தூண்டிலிடுதல்பற்றி 1887-இல் மற்றொரு நூலும் வெளியிட்டார். துரைமார்களின் பொழுதுபோக்காக இருந்ததை நாம் பயிர்ப்பாதுகாப்பைப்போல் பயன்படுத்த முற்படுகிறோம், அவ்வளவே வேறுபாடு.

கரண்டி இரையை ஊரிலேயே செய்துகொள்ளலாம். பழைய எவர்சில்வர்த் தேக்கரண்டியின் காம்பை அறுத்து நீக்கி, விளிம்பை அரத்தால் மழுக்கி, இரு முனைகளிலும் துளையிடுக. ஒரு துளையில் வளையம் மாட்டி முள்ளைக் கோக்க வேண்டும். மறு துளையில் சுழல்வளையம். சுழல்வளையம் இல்லாவிடில் கரண்டி சுழலச் சுழல நரம்பு முறுக்கிக்கொள்ளும். மூன்று கொக்கிகள் கொண்ட முள் கட்டைகளில் சிக்குமாதலால் ஒற்றை முள்ளே போதும். அதன் எதிர்முள்ளைக் குறட்டால் அழுத்தி மடக்கிவிட்டால், விட வேண்டிய மீனைக் காயமின்றி விடலாம். வாளையின் தாடைகளில் நுண்பற்கள் அடர்ந்திருப்பதால் தங்கூசி நரம்பு அறுந்துபோகும். ஆகவே கரண்டிக்கு முன்னே ஒரு முழத்துக்குக் குறையாமல் மெல்லிய எஃகுக் கம்பி இணைத்தல் இன்றியமையாதது.

வாளை பகலில் மடுவில் ஒடுங்கிக் கிடந்து, அந்தி சாய்ந்தபின் இரை தேடப் புறப்படும். மாலை மங்கும் வேளையும் விடியற்காலையும் ஏற்றவை. மதகடி, வரத்துக்கால் ஏரியில் சேரும் இடம், கட்டைகளின் ஓரம் ஆகியவற்றில் எறிந்து, கரண்டி அடியைத் தொடவிட்டுப் பின் மெதுவாக இழுக்க வேண்டும். இடையிடையே சற்று நிறுத்துக. பெரும்பாலும் நிறுத்தும் கணத்திலேயே கடி விழும். நீர் கலங்கியிருந்தால் ஒளியினும் அதிர்வே பயன்படும். கெளிற்றினத்தில் காற்றுப்பையையும் உட்செவியையும் சிற்றெலும்புகள் இணைப்பதால் அவற்றின் கேட்கும் திறன் மிகுதி. உள்ளே குண்டுமணி கிலுகிலுக்கும் மீன்வடிவ இரைகள் கடைகளில் கிடைக்கின்றன. கலங்கல் நீருக்கு அவை நல்லவை. கலிங்கில் நீர் வழியும் நாட்களில் அதன்மேல் நின்று தூண்டில் எறிவதை எக்காரணத்தாலும் அனுமதிக்கலாகாது.

எல்லாக் கெளிறும் போலி இரைக்கு மயங்குமென்று எண்ணிவிடக் கூடாது. கெளுத்தி, தேளி, மசறை ஆகியவை மோப்பத்தாலும் மீசையின் சுவையுணர்வாலும் உணவறிபவை. தகரத்துக்கு மணமுமில்லை, சுவையுமில்லை. இவற்றுக்குத் தூண்டில்காரர் உண்மையான இரையையே நாட வேண்டும். குஞ்சுகளுக்கு இவற்றால் நேரும் கேடும் வாளையின் கேட்டை நோக்கச் சிறிதே. தேளியின் பக்கத்துடுப்பு முள்ளில் நஞ்சுண்டு. குத்திவிட்டால், பொறுக்கக்கூடிய சூட்டில் வெந்நீரில் கையை அமிழ்த்தி வைத்தால் வலி தணியும். அதன்பின் மருத்துவமனைக்குச் செல்க.

ஆப்பிரிக்கக் கெளிறு தனியே குறிப்பிடத்தக்கது. இதனை வளர்ப்பதை மத்திய அரசு 2000-ஆம் ஆண்டில் தடை செய்தது. குட்டைகளிலிருந்து வெள்ளத்தில் தப்பி ஏரிகளிலும் ஆறுகளிலும் பரவிவிட்ட இம்மீன் எந்த முறையில் அகப்பட்டாலும் திரும்ப நீரில் விடலாகாது.

வாளையைப்பற்றி அவ்வாறு கூற மாட்டேன். அது நம் நீர்நிலைகளுக்குரிய மீன். உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் செம்பட்டியலில் ஊறுபடும் நிலையிலுள்ள இனமாக இடம்பெற்றுள்ளது. குஞ்சு விடும் ஏரியில் அதனைக் குறைப்பது வேறு. ஆற்றில் அதனை வேட்டையாடுவது வேறு. புதுவெள்ளத்தில் முட்டையிட ஏறிவரும் வாளையைப் பிடிக்க வேண்டா. செந்நிறக் குஞ்சுக் கூட்டத்தைக் காத்து நிற்கும் விராலின் முன்னும் இரையை எறிய வேண்டா. தாய்மீன் போனால் அக்குஞ்சுகளைப் பிற மீன்கள் தின்றுவிடும்.

மேற்சொன்ன ஏரியில் மறு ஆண்டுக் கோடை முழுதும் குழுவினரின் மக்கள் இருவர் மாலைதோறும் கரண்டி எறிந்தனர். அகப்பட்ட வாளைகளைக் குழுவே எடைபோட்டுக் கரையில் விற்றது. மழைக்குப்பின் 10 சென்டிமீட்டருக்குக் குறையாத குஞ்சுகளே விடப்பட்டன. ஆயினும் கடன் முற்றும் தீர மேலும் இரண்டு அறுவடைகள் தேவைப்பட்டன. குஞ்சு வாங்கும் நாளில் அளவுகோல் ஒன்றை உடன் எடுத்துச்செல்வதை அன்றுமுதல் வழக்கமாகக் கொண்டுள்ளேன்.