ஆர்டர் யார் பிடிப்பார்கள்?

கேள்வி: பன்னிரண்டு வருஷமாகப் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கிறேன். காலேஜ் படிக்கும் என் மகன் 'அனார்க்கிசம்' பற்றி ஒரு புத்தகத்தை வைத்துக்கொண்டு ராத்திரி பகலாகப் படிக்கிறான். முதலாளி வேண்டாம், அரசாங்கமும் வேண்டாம், வேலை செய்கிறவர்களே எல்லாவற்றையும் நடத்தலாம் என்கிறான். "சரி சாமி, ஆர்டர் யார் பிடிப்பாங்க?" என்று கேட்டேன். பதில் வரவில்லை. எங்காவது இப்படி நடந்திருக்கிறதா?
- ஒரு வாசகி, திருப்பூர்

பதில்: அன்புச் சகோதரி, நீங்கள் கேட்டதுதான் சரியான கேள்வி. இந்தக் கொள்கையின் பெரிய ஆட்களே அதில் தடுமாறியிருக்கிறார்கள்.

முதலில் அந்தச் சொல். அனார்க்கிசம், அதாவது 'அராஜகம்' என்றால் நமக்குக் கல்வீச்சும் கலவரமும்தான் நினைவுக்கு வரும். மகன் படிப்பது அதுவல்ல, அரசின்மைவாதம். மேலிருந்து ஆணையிடுபவர் இல்லாமல், மனிதர்கள் தாங்களே கூடி ஒழுங்கு செய்துகொள்ள முடியும் என்ற நம்பிக்கை அது. ரஷ்யரான கிரபோத்கின் 1892இல் வெளியிட்ட நூலில் இதற்கு ஒரு நியாயம் சொன்னார். ஒரு பொருளில் எத்தனையோ தலைமுறைகளின் உழைப்பு கலந்திருக்கிறது. அதில் இன்னாருக்கு இவ்வளவு என்று யாராலும் கணக்குப் பிரிக்க முடியாது. எனவே தேவைக்கேற்பப் பங்கிடுவதே முறை என்றார். நம்மவர் ஒருவரும் இதில் உண்டு. சென்னையில் பிறந்து, பாரதியின் 'இந்தியா' இதழில் உழைத்து, பின்னாளில் பெர்லினிலும் பம்பாயிலும் இருந்தபடி அரசின்மைப் பொருளாதாரம் பற்றி எழுதிய எம்.பி.டி. ஆச்சார்யா (1887–1954). மகனிடம் அந்தப் பெயரைச் சொல்லுங்கள்.

நடந்திருக்கிறதா என்றால், நடந்தது. 1936 ஜூலையில் ஸ்பெயினில் குடியரசு அரசுக்கு எதிராக ராணுவம் கிளர்ந்தெழுந்தபோது, பார்சிலோனாவில் அதை எதிர்த்து நின்றவர்களில் முன்னணியில் இருந்தது அரசின்மைவாதிகளின் சி.என்.டி. தொழிற்சங்கம். சண்டை ஓய்ந்தபோது தெருவெல்லாம் தடுப்பரண்கள், அறுந்து தொங்கும் டிராம் கம்பிகள். டிராம் கம்பெனியின் மேலாளர்கள் ஓடிவிட்டார்கள். தண்டவாளம் போடுகிறவர், கம்பி இழுக்கிறவர், ஓட்டுநர், பணிமனைக்காரர் என ஒவ்வொரு பிரிவும் தன் ஆளைத் தேர்ந்தெடுத்து அனுப்பி வேலையைக் கையில் எடுத்தது. ஐந்தே நாளில் டிராம் ஓடியது. முன்பு 600 வண்டிகள் ஓடிய ஊரில் 700 ஓடின. பழுதென்று ஒதுக்கப்பட்டுக் கிடந்தவற்றை இரவு பகலாக உட்கார்ந்து சரிசெய்திருந்தார்கள். 1936இல் 18 கோடியாக இருந்த பயணங்கள் மறு ஆண்டில் 23 கோடியைத் தாண்டின. இந்தக் கணக்கைத் திரட்டியவர் காஸ்தோன் லெவால், அரசின்மை இயக்கத்துக்காரர். போரினால் அகதிகள் வந்து குவிந்ததும் எண்ணிக்கை ஏறியதற்கு ஒரு காரணம். அதைக் கழித்துவிட்டுப் பார்த்தாலும், டிராம் ஓட்டத் தெரிந்தவர்களுக்கு டிராம் கம்பெனி நடத்தவும் தெரிந்திருந்தது என்பதை மறுக்க முடியாது.

உங்கள் கேள்விக்கு இப்போது வருகிறேன். அதே ஊரில் துணி ஆலைகளும் தொழிலாளர் கைக்கு வந்தன. அவை திணறின. நெய்கிறவர்களுக்குத் திறமை இல்லாமல் இல்லை. பஞ்சு வெளிநாட்டிலிருந்து வரவேண்டும், அதற்கு அந்நியச் செலாவணி வேண்டும், துணி வாங்கிய சந்தையில் பாதி எதிரியின் பக்கம் போய்விட்டது. டிராமுக்குத் தினமும் டிக்கெட் காசு கையில் விழுந்தது. ஆலைக்குக் கடன் தேவைப்பட்டது. வங்கிகளோ அரசின் பிடியிலேயே இருந்தன. பட்டறைகளைப் பிடித்தவர்கள் கஜானாவைப் பிடிக்காமல் விட்டது அவர்கள் செய்த மிகப் பெரிய தவறு என்பது என் முடிவு. பிரெஞ்சுக்காரரான புரூதோன் 1849இலேயே வட்டியில்லாமல் கடன் கொடுக்க மக்கள் வங்கி ஒன்றைத் தொடங்கிப் பார்த்தார். அவர் சிறைக்குப் போக வேண்டியிருந்ததால் அது எழும்பவே இல்லை.

ஸ்பெயினின் அரகோன் பகுதிக் கிராமங்களில் சிலர் பணத்தையே ஒழித்தார்கள். ஊருக்குள் கூப்பன், அது பக்கத்து ஊரில் செல்லாது. வெளியூர் போக வேண்டியவர் ஊர்க் குழுவிடம் போய்க் காரணம் சொல்லிக் காசு வாங்க வேண்டும். குடும்பக் கூலியிலும் பல ஊர்களில் ஆணுக்கு ஒரு தொகை, பெண்ணுக்கு அதைவிடக் குறைவு. சமத்துவம் பேசியவர்கள் செய்த இந்த அநியாயத்தை மகனின் புத்தகம் சொல்கிறதா என்று பாருங்கள். 1937 ஆகஸ்டில் குடியரசின் படையே வந்து அந்தக் கிராமங்களின் அமைப்பைக் கலைத்தது.

உங்கள் தொழிலுக்கு நெருக்கமான கதை இன்னொன்று. ப்யூனஸ் அயர்ஸ் நகரில் புரூக்மன் என்ற கோட்டு தைக்கும் கம்பெனி. 2001 டிசம்பர் 18, அர்ஜென்டினாவே திவாலாகிக்கொண்டிருந்த நேரம். கூலி பாக்கி. வீட்டுக்குப் போக பஸ் காசாவது கொடுங்கள் என்று தையல்காரர்கள், பெரும்பாலும் பெண்கள், கேட்டார்கள். கொண்டுவருகிறோம் என்று போன முதலாளிகள் வரவில்லை. இவர்கள் அன்றிரவு அங்கேயே தங்கினார்கள். பிறகு தாங்களே வாடிக்கையாளரைத் தேடிப் பிடித்து, தைத்து, விற்று, கம்பெனியின் பாக்கிகளையும் கட்ட ஆரம்பித்தார்கள். 2003 ஏப்ரலில் போலீஸ் வெளியேற்றியது. வாசலில் கூடாரம் போட்டு உட்கார்ந்தார்கள். அந்த ஆண்டே நகர சட்டமன்றம் அவர்கள் பக்கம் தீர்மானிக்க, கூட்டுறவுச் சங்கமாக உள்ளே திரும்பினார்கள். அவர்களில் பெரும்பாலோர் எந்தக் கொள்கையும் பேசி உள்ளே தங்கியவர்கள் இல்லை. பஸ் காசுக்காகக் காத்திருந்தவர்கள்.

ஆக, ஆர்டரை அந்தப் பெண்களே பிடித்தார்கள். அதில் கஷ்டமும் இருந்தது.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் கம்பெனியில் நூல் வாங்குவது, சாயத்துக்கு அனுப்புவது, பையரிடம் பேசுவது, பேங்க் லோன் எடுப்பது இவற்றில் எதெது முதலாளி ஒருவரால் மட்டுமே முடிகிறது, எதெதைச் சம்பளத்துக்கு இருப்பவர்கள் ஏற்கெனவே செய்கிறார்கள் என்று ஒரு பட்டியல் போட்டு மகனிடம் கொடுங்கள். எனக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள்.