முதலாளியின் பிள்ளைக்கு உதவிப்பணமா?

சென்ற ஒக்டோபர் மாதம் ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து கடையைத் திறந்து உட்கார்ந்திருந்தேன். புஸ்ஸல்லாவையில் புடவைக் கடை வைத்திருக்கும் ஹாஜியார் ஒருவர் மகளையும் கூட்டிக்கொண்டு வந்தார். மகள் உயர்தரப் பரீட்சையில் மூன்று பாடங்களிலும் ‘ஏ’ எடுத்தவள். உள்ளூர்ப் பல்கலைக்கழகத்துக்குப் போட்டதோடு நிற்காமல் அமெரிக்காவிலுள்ள சில பல்கலைக்கழகங்களுக்கும் விண்ணப்பிக்கிறாள். விண்ணப்பத்தில் ஒரு கேள்வி வந்துவிட்டது. ‘நிதியுதவி கோருகிறீர்களா? ஆம், இல்லை.’ மகள் ‘ஆம்’ போட வேண்டும் என்கிறாள். வாப்பா வேண்டாம் என்கிறார்.

“நானா, ஊரில நாலு பேருக்கு ஸகாத் கொடுக்கிற ஆள் நான். கடை இருக்கு, வேன் இருக்கு. நாங்க கை நீட்டுறதா? கேட்டா பிள்ளைக்கு இடமும் கிடைக்காமப் போகும்” என்றார் ஹாஜியார்.

இதே பேச்சை 2016 ஆம் ஆண்டில் நானே பேசியிருக்கிறேன். என் தாத்தாவின் மகன் அப்போது அமெரிக்கக் கல்லூரி ஒன்றுக்கு விண்ணப்பித்தான். கொழும்பில் இந்த வேலை செய்து கொடுக்கும் முகவர் ஒருவர் ‘உதவி கேட்டால் தள்ளிவிடுவார்கள், இல்லை என்று போடுங்கள், இடம் கிடைத்த பிறகு பேசிக்கொள்ளலாம்’ என்றார். குடும்பத்தில் வியாபாரம் தெரிந்தவன் நான் என்று என்னிடம் கேட்டார்கள். நானும் தலையாட்டினேன். இடம் கிடைத்தது. பில் வருடத்துக்கு 60 ஆயிரம் டொலருக்கு மேல் வந்தது. அன்றைய விலையில் டொலர் 145 ரூபா என்று போட்டாலும் 87 இலட்சம். மச்சானின் இரண்டு கடையையும் விற்றால்கூட நான்கு வருடத்துக்குக் காணாது. உதவி கேட்டுக் கடிதம் எழுதினோம். விண்ணப்பிக்கும்போது கேட்காத வெளிநாட்டு மாணவர் பிறகு கேட்க முடியாது என்று மரியாதையாக ஒரு பதில் வந்தது. பிள்ளை கொழும்பில் கணக்கியல் படித்து இப்போது டோஹாவில் இருக்கிறான். நன்றாகத்தான் இருக்கிறான். ஆனாலும் பெருநாளைக்கு வரும்போது அந்தக் கதையை யாரும் எடுப்பதில்லை.

அதன் பிறகுதான் இந்த விடயத்தைத் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். வியாபாரிகளான நாம் முதலில் விளங்க வேண்டியது, அந்தப் பல்கலைக்கழகங்கள் அச்சிடும் கட்டணம் எல்லோரும் கட்டும் கட்டணம் அல்ல என்பதை. ஹார்வர்டில் 2025-26 ஆம் கல்வியாண்டில் கல்விக் கட்டணம், தங்குமிடம், சாப்பாடு எல்லாம் சேர்த்து 86 ஆயிரம் டொலருக்கு மேல். ஒரு டொலர் 300 ரூபா என்று வைத்தால் இரண்டரைக் கோடிக்கு மேல் வருகிறது. இந்தத் தொகையைப் பார்த்தவுடனே நமது ஆட்கள் கடதாசியை மடித்து வைத்து விடுகிறார்கள்.

ஆனால் அங்கே கணக்கு இப்படிப் போகிறது. மொத்தச் செலவிலிருந்து, இந்தக் குடும்பத்தால் எவ்வளவு கட்ட முடியும் என்று அவர்கள் மதிப்பிடும் தொகையைக் கழிப்பார்கள். மிச்சம்தான் ‘தேவை’. அந்தத் தேவை முழுவதையும் தாங்களே கொடுப்பதாகச் சில பல்கலைக்கழகங்கள் வாக்குக் கொடுத்திருக்கின்றன. பரீட்சைப் புள்ளிக்குக் கொடுக்கும் பரிசு அல்ல இது. குடும்பத்தின் சக்தியைப் பார்த்து விலை போடுவது. நமது மஹாபொல புலமைப்பரிசிலும் 1981 இல் ஆரம்பித்த காலம் தொட்டு பெற்றோரின் வருமானத்தைப் பார்க்கிறதுதானே. கிராம உத்தியோகத்தரிடம் வருமானச் சான்றிதழுக்கு வரிசையில் நின்றவர்களுக்கு இது புதுமையாக இராது. வித்தியாசம் எங்கே என்றால், மஹாபொலவின் கண்ணுக்கு நடுத்தரக் கடை முதலாளி பணக்காரன். ஹார்வர்டின் கண்ணுக்கு அவன் ஏழை.

இது மிகைப்படுத்திச் சொல்வது அல்ல. 2025 மார்ச்சில் ஹார்வர்ட் வெளியிட்ட அறிவித்தலின்படி, வருட வருமானம் ஒரு இலட்சம் டொலருக்குக் குறைந்த, சொத்தும் சாதாரண அளவில் உள்ள குடும்பம் ஒன்றும் கட்டத் தேவையில்லை. இரண்டு இலட்சம் டொலர் வரை கல்விக் கட்டணம் இல்லை. ஒரு இலட்சம் டொலர் என்றால் மூன்று கோடி ரூபா. கொத்மலையிலிருந்து நாவலப்பிட்டி வரை எத்தனை கடையில் வருடத்துக்கு மூன்று கோடி தேறிய இலாபம் நிற்கிறது? விற்பனையைச் சொல்லவில்லை, இலாபத்தைக் கேட்கிறேன்.

அடுத்தது ஹாஜியாரின் பயம். கேட்டால் இடம் கிடைக்காதா? இதற்கு ஒரே பதில் கிடையாது, அதனால்தான் முகவர்மார் குழப்புகிறார்கள். சில இடங்களில் பிள்ளையைத் தெரிவு செய்பவர்கள் பணக் கேள்வியைப் பார்க்கவே மாட்டார்கள். வெளிநாட்டு மாணவருக்கும் இந்த முறையைக் கடைப்பிடிப்பவை மிகச் சில. ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன், எம்.ஐ.டி., அம்ஹர்ஸ்ட் ஆகியவற்றோடு 2022 இல் டார்ட்மவுத்தும் போடொயினும் சேர்ந்தன. 2025 இல் நுழைந்த மாணவர்களிலிருந்து பிரவுனும் சேர்ந்திருக்கிறது. இங்கெல்லாம் ‘ஆம்’ என்று போடுவதால் ஒரு நட்டமும் இல்லை. ஸ்டான்ஃபோர்ட் போன்ற மற்றவை வெளிநாட்டு மாணவர் விடயத்தில் பணத் தேவையையும் பார்த்துத்தான் முடிவெடுக்கும். ஒதுக்கிய பணம் அளவானது, அதற்குள் ஆளை எடுக்க வேண்டும். எடுத்தால் தேவையை முழுதாகக் கொடுப்பார்கள். அங்கே உதவி கேட்பது வாய்ப்பைக் கொஞ்சம் குறைக்கும் என்பது உண்மை. ஆனால் ஸ்டான்ஃபோர்டில் விண்ணப்பிக்கும்போது கேட்காத வெளிநாட்டு மாணவர் நான்கு வருடத்துக்கும் கேட்க முடியாது. கட்ட வழியில்லாத குடும்பம் ‘இல்லை’ என்று போட்டு இடத்தைப் பெற்று என்ன செய்வது? எங்கள் வீட்டில் நடந்ததுதான் நடக்கும்.

மூன்றாவது வகை ஒன்று உண்டு, அதில்தான் நம்மவர்கள் அதிகம் விழுகிறார்கள். பெயர் கேள்விப்படாத கல்லூரி ‘உங்கள் பிள்ளைக்கு 50 வீதப் புலமைப்பரிசில்’ என்று கடிதம் அனுப்பும். வீட்டில் பிரியாணி ஆக்கி விடுவோம். பெருநாள் காலத்தில் விலையை ஏற்றி எழுதி அதை வெட்டிவிட்டுத் தள்ளுபடி போடும் வித்தை நமக்குத் தெரியாததா? மிச்சப் பாதி எவ்வளவு என்று பார்க்க வேண்டும். வருடம் 25 ஆயிரம் டொலர் மிச்சம் என்று வையுங்கள். 2021 இல் டொலர் 200 ரூபாவாக இருந்தபோது அது 50 இலட்சம். 2022 மே மாதம் 360 ரூபாவானபோது அதே 25 ஆயிரம் டொலர் 90 இலட்சம் ஆகிவிட்டது. பிள்ளை இரண்டாம் வருடத்தில் நிற்கும்போது அந்த அடி விழுந்தால் கடையும் போகும், படிப்பும் போகும். குடும்பத்தின் சக்தியைப் பார்த்துக் கொடுக்கும் இடங்களில் வருடா வருடம் புதிதாகக் கணக்குப் பார்ப்பார்கள். ரூபா விழுந்தால் நமது வருமானமும் டொலரில் விழுகிறது, உதவி அதற்கேற்பக் கூடும். இந்த ஒரு வித்தியாசத்துக்காகவே முதலாவது வகையைத் தேட வேண்டும் என்பது என் அபிப்பிராயம்.

கடன் பற்றியும் கேட்பீர்கள். பிரின்ஸ்டன் 2001 இலேயே உதவித்தொகையில் கடன் சேர்ப்பதை நிறுத்திவிட்டது. ஹார்வர்டும் பிறகு அப்படியே செய்தது. வட்டிக்கு அஞ்சும் குடும்பங்கள் கேட்க வேண்டிய கேள்வி இது. எந்தக் கல்லூரியின் உதவிக் கடிதத்திலும் ‘கடன்’ என்ற வரி எவ்வளவு என்று தனியாகப் பார்க்க வேண்டும். அதையும் கூட்டி ‘உதவி’ என்று காட்டுகிற இடங்கள் இருக்கின்றன.

இனி ஹாஜியாரிடம் வருவோம். ஒருவாறு சம்மதித்து ‘ஆம்’ என்று போட்டார். உண்மையான சோதனை அதன் பிறகுதான் வந்தது. இந்தப் பல்கலைக்கழகங்களில் அநேகமானவை கொலேஜ் போர்ட் நடத்தும் சி.எஸ்.எஸ். புரொஃபைல் என்ற படிவத்தைக் கேட்கின்றன. சி.எஸ்.எஸ். படிவம் ஒவ்வொரு வருடமும் ஒக்டோபர் முதலாம் திகதி திறக்கும். முதல் கல்லூரிக்கு 25 டொலர், அடுத்தடுத்தவற்றுக்கு 16 டொலர். கட்ட வசதியில்லாதவர் கல்லூரிக்கு எழுதிக் கேட்டால் சில இடங்கள் விலக்குக் கொடுக்கின்றன. நமது ரூபாவிலேயே நிரப்பலாம். ஆனால் என்னென்ன கேட்கிறார்கள் தெரியுமா? சென்ற வருட வருமானம், வீட்டின் பெறுமதி, காணி, வங்கியில் உள்ளது, வீட்டுச் செலவு, மற்றப் பிள்ளைகளின் படிப்பு. கடை இருந்தால் கடையின் வரவு, செலவு, சரக்கு, கடன், சொத்து. அதற்கு மேல் வரிப் பத்திரம் அல்லது சம்பளக் கடிதம்.

ஹாஜியாரிடம் என்ன இருந்தது? ஒரு கடன் கொப்பி, வங்கிப் புத்தகம், மேசை லாச்சிக்குள் சுருட்டிய பில்கள். வீட்டு அரிசி பருப்பு வாங்குவது கடைக் காசில். மகளின் வகுப்புக் காசு கடைக் காசில். தம்பியின் கலியாணத்துக்குக் கொடுத்ததும் கடைக் காசில். “மாதம் எவ்வளவு மிஞ்சும்?” என்று கேட்டேன். “அல்லாஹ் கொடுக்கிறான்” என்றார். நல்ல பதில்தான், ஆனால் படிவத்தில் எழுத இடமில்லை.

அதே வாரத்தில் எங்கள் பக்கத்துத் தோட்டத்தில் வேலை செய்யும், என் கடையில் பற்று வைத்திருக்கும் ஒருவர் தன் மகனோடு வந்தார். அந்தப் பையனும் விண்ணப்பிக்கிறான். அவர் கையில் ஒரு பிளாஸ்டிக் உறை. மாதா மாதம் தோட்டத்தில் கொடுத்த சம்பளச் சீட்டு, ஊழியர் சேமலாப நிதிக் கூற்று, லயத்து வீட்டுக்குத் தோட்ட அலுவலகக் கடிதம். நாட்சம்பளம் 2024 இல் 1,350 ரூபா ஆனது, மாதம் 25 நாள் என்றால் 33,750 ரூபா. எல்லாம் கடதாசியில் இருந்தது. பையன் ஒரு மணித்தியாலத்தில் படிவத்தை முடித்துவிட்டான். ஹாஜியாருக்கு எனக்கும் அவருக்குமாக ஆறு இரவு பிடித்தது. முதலாளிக்கு இல்லாத ஆதாரம் தொழிலாளியிடம் இருந்ததைப் பார்த்து ஹாஜியார் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை, என் கடையும் அப்படித்தான் நடக்கிறது.

எப்படி முடித்தோம் என்றால், ஸகாத் கணக்கை எடுத்தோம். ரமழானில் அவர் ஒழுங்காகச் சரக்கை எண்ணி, வரவேண்டிய கடனைச் சேர்த்து, கொடுக்க வேண்டியதைக் கழித்து ஒரு தாளில் எழுதி வைப்பவர். அல்ஹம்துலில்லாஹ், நான்கு வருடத்துத் தாள் இருந்தது. ஐந்தொகை என்று கணக்காளர் எழுதுவதும் ஏறக்குறைய அதுதான். அதை வைத்துக் கம்பளையிலுள்ள கணக்காளர் ஒருவர் வரவு செலவுக் கணக்கு எழுதிக் கொடுத்தார். கடையிலிருந்து வீட்டுக்குப் போன அரிசி பருப்பையும் எடுப்பனவாகக் காட்டச் சொன்னார். ஹாஜியார் முதலில் முகத்தைச் சுளித்தார். வேனையும் விட்டுவிடலாமா என்று மெதுவாகக் கேட்டார். நான் கூடாது என்றேன். பொய் சொன்னது தெரிந்தால் கொடுத்த இடத்தையே திரும்ப எடுப்பார்கள். வரிக்கு ஒரு கணக்கு, வங்கிக் கடனுக்கு ஒரு கணக்கு, உதவிக்கு ஒரு கணக்கு என்று மூன்று கொப்பி வைத்திருப்பவர்கள் இதில் இறங்காமல் இருப்பது நல்லது. 2025 ஏப்ரலிலிருந்து வருடத்துக்கு 18 இலட்சம் வரை தனிநபர் வரி விலக்கு இருக்கிறது. அதற்குள் நிற்கும் சின்ன வியாபாரிக்கு வரிக் கோப்பு ஒன்றைத் திறந்து ஒழுங்காக வைத்திருப்பதில் என்ன பயம்?

ஒன்றைப் பிள்ளைகளிடம் மறைக்கக் கூடாது. உதவி கிடைப்பது இடம் கிடைத்தவருக்கு. ஹார்வர்டுக்கு விண்ணப்பிக்கும் நூறு பேரில் ஏறக்குறைய நான்கு பேருக்குத்தான் இடம் கிடைக்கிறது. அதற்கு மேல் விசா. 2025 மே மாதம் அமெரிக்க அரசாங்கம் ஹார்வர்ட் வெளிநாட்டு மாணவரைச் சேர்க்கும் அனுமதியையே ரத்துச் செய்யப் பார்த்தது, நீதிமன்றம் தடுத்தது. ஆகவே ஒரே கூடையில் முட்டை வைக்கிற வேலை இது அல்ல. உள்ளூர்ப் பல்கலைக்கழக விண்ணப்பத்தை விடக் கூடாது. இந்திய உயர்ஸ்தானிகராலயத்தின் நேரு ஞாபகார்த்தப் புலமைப்பரிசிலுக்கும் போட வேண்டும். இஸ்லாமிய அபிவிருத்தி வங்கி 1983 முதல் நம்மைப் போன்ற அங்கத்துவமில்லாத நாடுகளின் முஸ்லிம் மாணவருக்குக் கொடுத்து வருவதையும் பார்க்க வேண்டும். அதில் பிள்ளை படித்து உழைத்த பின் வட்டியின்றித் திருப்பிக் கட்டும் பணம் அடுத்த பிள்ளைகளுக்குப் போகிறது. தோட்டத் தொழிலாளரின் பிள்ளைகளுக்கு 1947 இல் ஆரம்பித்த இலங்கைத் தோட்டத் தொழிலாளர் கல்வி நிதியம் இன்றும் இருக்கிறது. நமது சமூகத்திலும் மர்ஹூம் ஏ.எம்.ஏ. அஸீஸ் 1945 இல் இலங்கை முஸ்லிம் புலமைப்பரிசில் நிதியத்தை ஆரம்பித்தார். வசதியில்லாத பிள்ளையின் உயர்படிப்புக்குச் சமூகம் பணம் கொடுப்பதில் வெட்கமில்லை என்று அன்றைக்கே விளங்கியவர்கள் இருந்திருக்கிறார்கள்.

அமெரிக்க விடயத்துக்கு முகவரிடம் போய்ப் பணம் கொடுக்க முன், கொழும்பிலுள்ள அமெரிக்க - இலங்கை ஃபுல்பிரைட் ஆணைக்குழுவில் ஆலோசனை கேளுங்கள். பிள்ளை உயர்தரம் முதலாம் வருடத்தில் இருக்கும்போதே போவது நல்லது. ஆங்கிலப் பரீட்சை, எஸ்.ஏ.டி. பரீட்சை என்று கட்டணங்கள் டொலரில் வருவதால் அதற்கு முன்கூட்டியே ஒதுக்கி வையுங்கள். அதைவிட முக்கியம், அந்த வருடம் முதல் கடைக் காசையும் வீட்டுக் காசையும் பிரித்து எழுதுவது. அவர்கள் கேட்பது முடிந்து போன வருடத்தின் கணக்கை. படிவம் வந்த பிறகு உட்கார்ந்து எழுத முடியாது.

ஹாஜியாரின் மகள் எட்டு இடத்துக்குப் போட்டிருக்கிறாள், தோட்டத்துப் பையன் ஐந்து. பதில் மார்ச் கடைசியில்தான் வரும். இப்போது ஹாஜியாரின் கடையில் மேசை மேல் புதுக் கொப்பி ஒன்று இருக்கிறது. வீட்டுக்கு எடுக்கும் சோப்புக் கட்டிகூட அதில் ஏறுகிறது. எழுதுவது மகள்தான். அவள் போய்விட்டால் யார் எழுதுவது என்று இப்போது அவருக்கு இன்னொரு கவலை.