கம்ப்ரஸருக்கு எந்தக் கம்பி?

வீட்டின் முன்பகுதியில், சைக்கிளுக்கும் ஸ்கூட்டருக்கும் காற்றடிக்கும் கடை ஒன்று இருப்பதாகக் கொள்வோம். அரைக் குதிரைத்திறன் கம்ப்ரஸர் பழுதாகி, அதன் இடத்தில் இரண்டு குதிரைத்திறன் கம்ப்ரஸர் வந்து இறங்குகிறது. பழைய மின்கம்பியிலேயே இதையும் இணைத்துவிடலாமா? இணைக்க வேண்டியவர் உரிமம் பெற்ற மின்பணியாளர். ஆனால் ஓம் விதி படித்த நீங்களே கணக்கைப் போட்டுப் பார்க்கலாம்.

ஒரு குதிரைத்திறன் 746 வாட். இரண்டுக்கு ஏறத்தாழ 1500 வாட். இது மோட்டாரின் தண்டில் கிடைக்கும் திறன். பயனுறுதிறன் 75 சதவீதம் என்று கொண்டால், மோட்டார் வாங்கும் திறன் 2000 வாட். திறன் காரணி 0.85 ஆனால், 230 வோல்ட்டில் மின்னோட்டம் சுமார் 10 ஆம்பியர். எனவே 6 ஆம்பியர் பிளக் ஆகாது. 16 ஆம்பியர் பிளக்கும் தனிச் சுற்றும் வேண்டும்.

கணக்கு இத்துடன் முடியவில்லை. ஓடாமல் நிற்கும் மோட்டார், துணைச்சுருள் குறுக்குச்சுற்றாகிவிட்ட மின்மாற்றியைப் போன்றது. ஆகவே புறப்படும் நொடியில் அது ஐந்தாறு மடங்கு மின்னோட்டத்தை இழுக்கும். 50 ஆம்பியர் என்று வைத்துக்கொள்வோம். மீட்டர் பலகை 20 மீட்டர் தொலைவில் உள்ளது. போகவும் வரவும் கம்பியின் நீளம் 40 மீட்டர். 1 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பியானால் மின்தடை சுமார் 0.69 ஓம், அழுத்த இழப்பு 34 வோல்ட்! மோட்டாருக்குக் கிடைப்பது 196 வோல்ட்தான். அதன் திருப்புவிசை மின்னழுத்தத்தின் இருமடிக்கு நேர்விகிதத்தில் இருப்பதால், கால் பங்குக்கும் மேல் குறைந்துவிடுகிறது. மோட்டார் உறுமும், சுழலாது. நின்ற நிலையிலேயே பெரும் மின்னோட்டம் பாய, கம்பியில் மட்டும் சுமார் 1700 வாட் வெப்பம் உண்டாகும். காப்புறை உருகித் தீப்பிடிக்க இது போதாதா? 4 சதுர மில்லிமீட்டர் கம்பியில் இழப்பு 9 வோல்ட்டுக்கும் குறைவே.

ப்யூஸ் போனதும் தடித்த கம்பியைச் சுற்றிவிடும் பழக்கம் நம்மிடையே உண்டு. ப்யூஸ் காப்பது சுவருக்குள் ஓடும் கம்பியை என்பதை மறந்துவிடுகிறோம். இந்த மோட்டாருக்கு ‘சி’ வகை 16 ஆம்பியர் எம்.சி.பி. பொருந்தும். புறப்படும் மின்னோட்டத்தை அது சிறிது நேரம் பொறுத்துக்கொள்ளும்; நீடித்தால் துண்டித்துவிடும்.

ஆனால் எம்.சி.பி. மனிதரைக் காப்பாற்றாது. மோட்டாரின் சுருள் காப்பு கெட்டு, இரும்புத் தொட்டியில் மின்சாரம் ஏறிவிட்டது, எர்த் இல்லை. தொட்டியைத் தொட்டவர் உடலில் 30 மில்லியாம்பியர் பாய்ந்தாலே ஆபத்து. 16 ஆம்பியர் என்பது இதைப்போல் 500 மடங்குக்கும் மேல்! ஆகவே பச்சை அல்லது பச்சை-மஞ்சள் கம்பி மோட்டாரின் உடலில் இறுகப் பொருத்தப்பட வேண்டும். அத்துடன் 30 மில்லியாம்பியர் கசிவிலேயே துண்டிக்கும் ஆர்.சி.சி.பி.யும் தேவை.

இன்னொன்று: மூடியைத் திறக்குமுன் மெயினை அணைத்தாலும் மின்தேக்கியில் மின்னேற்றம் தங்கியிருக்கக்கூடும். அதை மின்பணியாளர் மின்தடை வழியே இறக்கிய பிறகே கை வைப்பார்.

இணைப்பு சரியாக இருந்தும் இரண்டாம் முறை மோட்டார் புறப்படத் திணறினால் கம்பியைக் குறை சொல்லாதீர்கள். அழுத்தச் சுவிட்ச் மோட்டாரை நிறுத்தும்போது ‘ஸ்ஸ்’ என்று ஓர் ஒலி வர வேண்டும். பம்புக்கும் தொட்டிக்கும் இடைக்குழாயில் தங்கிய காற்றைச் சிறு வால்வு வெளியேற்றும் ஒலி அது. அது கேட்கவில்லையென்றால், அடைபட்ட காற்றை எதிர்த்தே மோட்டார் புறப்பட வேண்டியிருக்கிறது. அந்த வால்வைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.