இரு காதும் இரு ஒலியும்

பரீட்சைக்குப் படிக்கும் மகன் இரவில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, பாட்டுமல்லாத பேச்சுமல்லாத ஒரே மாதிரியான முரல் ஒலியைக் கேட்டுக்கொண்டிருப்பதைக் கண்டிருப்பீர்கள். விசாரித்தால், “இது மூளை அலையை மாற்றும், நித்திரை வரும்” என்பான். இதில் எவ்வளவு மெய்?

கோவில் ஆர்மோனியத்தில் ஒரே சுரத்துக்குரிய இரண்டு தகடுகள் சற்றுப் பிசகி நின்றால், நாதம் அலை அலையாக ஏறி இறங்குமல்லவா? ஒரு தகடு வினாடிக்கு 200 தடவையும் மற்றது 204 தடவையும் அதிர்ந்தால், அந்த அலைவு வினாடிக்கு 4 தடவை உண்டாகும். அங்கே இரு ஒலிகளும் காற்றில் கலக்கின்றன. ஆனால் ஒன்றை இடக் காதுக்கும் மற்றதை வலக் காதுக்கும் வெவ்வேறாகச் செலுத்தினாலோ? காற்றில் கலப்பே இல்லை. எனினும் அலைவு கேட்கிறது! அதை உண்டாக்குவது மூளைத்தண்டு. 19ஆம் நூற்றாண்டின் முற்பாதியிலேயே ஜேர்மானியப் பௌதிகவியலாளர் ஹைன்றிச் டோவே இதைக் கண்டறிந்தார். ஆகவே அலைவு கேட்பது கற்பனையன்று. ஹெட்போன் இல்லாமல், ஒலிபெருக்கியில் கேட்டால் இந்த விசேடம் இல்லை என்பதையும் கவனியுங்கள்.

மூளை அலைகளும் மெய்யே. ஜேர்மனியின் யேனா நகர வைத்தியர் ஹான்ஸ் பேர்கர் மனித மூளையின் மின்னலைகளை 1924இல் பதிவுசெய்து 1929இல் வெளியிட்டார். கண்மூடி ஆறுதலாக இருக்கையில் வினாடிக்கு 8 முதல் 13 வரையான ‘அல்பா’ அலைகள் மேலோங்கும்; ஆழ்ந்த நித்திரையில் 4க்கும் குறைந்த ‘டெல்ரா’ அலைகள்.

இவ்விரு உண்மைகளையும் முடிச்சுப் போடும் இடத்தில்தான் வியாபாரம் புகுந்துவிட்டது. காதுகளுக்கு 200, 210 என்று கொடுத்தால் மூளையும் 10க்கு இசைந்துவிடும் என்கிறார்கள். 2023இல் 14 ஆய்வுகளை ஒப்புநோக்கியபோது, 5 மாத்திரமே இதற்குச் சாதகமாக இருந்தன, 8 மாறாக இருந்தன, ஒன்று இரண்டுங்கெட்டான். எனினும் பலனே இல்லை என்று தள்ளிவிடவும் முடியாது. சத்திரசிகிச்சைக்குக் காத்திருந்த நோயாளரிடையே இங்கிலாந்தில் நடத்தப்பட்டு 2005இல் வெளிவந்த ஆய்வொன்றில், இவ்வொலியைக் கேட்டவர்களின் பதற்றம் மற்றவர்களுடையதைவிடக் கூடுதலாகத் தணிந்தது. பதற்றம் தணிவது வேறு, மூளை அலை மாறுவது வேறு.

எனவே பெற்றோரே, ஹெட்போனைப் பறிக்க வேண்டாம். ஆனால் வாரக்கணக்காகப் பிள்ளைக்கு நித்திரை இல்லையென்றால், ஒலியைப் பற்றியல்ல, அவன் மனதைப் பற்றிக் கேளுங்கள். பரீட்சைப் பயமோ, வெளியே சொல்லமுடியாத வேறேதுமோ உள்ளே இருக்கலாம்; அதை இந்த முரல் சில மணித்தியாலம் மூடிவைக்குமேயன்றி எடுத்துவிடாது. தேவையானால் வைத்தியரிடம் கூட்டிச் செல்லுங்கள். வலிப்புக்கோ மனச்சோர்வுக்கோ குளிசை எடுப்பவர், ‘இது போதும்’ என்று அதை நிறுத்துவது பேராபத்து. வாகனம் ஓட்டும்போதும் இது வேண்டாம். சத்தத்தையும் குறைத்தே வையுங்கள்: உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 80 டெசிபல் என்றால் கிழமைக்கு 40 மணித்தியாலந்தான், இரவு முழுவதும் கேட்பவன் அந்த எல்லையை ஐந்தாறு நாளில் எட்டிவிடுவான்.