ஆங்கிலம் அறிவோம்: டைம் இஸ் ஆஃப் தி எசென்ஸ்

தாம்பரம், சேலையூர், பம்மல், பெருங்களத்தூர் என்று நம் பகுதியில் மனையோ அடுக்குமாடி வீடோ வாங்குகிறவர்கள் கைக்குப் பெரும்பாலும் ஆங்கில ஒப்பந்தம்தான் வருகிறது. அதன் நடுவே எங்காவது 'டைம் இஸ் ஆஃப் தி எசென்ஸ்' என்று ஒரு வரி இருக்கும். அட்வான்ஸ் கொடுக்கும் அவசரத்தில் அதை யாரும் நின்று படிப்பதில்லை. இந்த மாதப் பாடம் அந்த ஒரு வரிதான்.

எசென்ஸ் என்றதும் கேக்கில் விடும் வெனிலா பாட்டில் நினைவுக்கு வரலாம். அதுவும் சாரம்தான்! சட்ட ஆங்கிலத்தில் எது இல்லாவிட்டால் ஒப்பந்தமே இல்லையோ, அது எசென்ஸ். ஆக, 'குறித்த கெடுவே இந்த ஒப்பந்தத்தின் உயிர்' என்பது பொருள். 'காலம் பொன் போன்றது' என்ற பொது அறிவுரை என்று எண்ணிவிட வேண்டாம்.

எழுதும்போது 'ஆஃப்', 'தி' இரண்டையும் விடக்கூடாது. 'டைம் இஸ் இன் எசென்ஸ்' என்பது பிழை. 'இன் எசென்ஸ்' என்றால் 'சுருங்கச் சொன்னால்' என்று அர்த்தம் மாறிவிடும். தொடக்கத்தில் 'தி டைம்' என்றும் வராது. பேச்சிலும் பயன்படுத்தலாம்: 'தி பேஷன்ட் நீட்ஸ் பிளட் டுடே, டைம் இஸ் ஆஃப் தி எசென்ஸ்.' ஆறு மாதம் கழித்து வரும் கல்யாணப் பத்திரிகையில் எழுதினால் சிரிப்பார்கள்.

ஒப்பந்தத்தில் வந்தால் சிரிப்பதற்கில்லை. 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், 55ஆவது பிரிவு இதைப் பற்றியதுதான். கெடு உயிரானது என்று இருவரும் கருதியிருந்து, ஒருவர் தவறினால், மற்றவர் ஒப்பந்தத்தையே ரத்து செய்யலாம். அப்படிக் கருதவில்லை என்றால் ரத்து கிடையாது. தாமதத்தால் வந்த நஷ்டத்தை மட்டும் கேட்கலாம்.

வீடு, நிலம் விஷயத்தில் கெடு பொதுவாக உயிரானதல்ல என்பது நீதிமன்றங்களின் பழைய நிலை. அதை நம்பி மெத்தனமாக இருந்தவர்கள் இழந்ததுண்டு. மதுரையில் ஒரு வீட்டுக்கு 1978இல் 60,000 ரூபாய் விலை பேசி, 5,000 அட்வான்ஸ் தந்து, ஆறு மாதக் கெடு போட்டார்கள். வாங்குபவர் இரண்டரை ஆண்டு சும்மா இருந்துவிட்டு வழக்குப் போட்டார். அதற்குள் விலை மும்மடங்கானதாக விற்பவர் தரப்பு சொன்னது. 1997இல் உச்ச நீதிமன்றம், நீதிபதி ஜீவன் ரெட்டி எழுதிய தீர்ப்பில், வீட்டை எழுதித்தர உத்தரவிட மறுத்தது. கெடு உயிராக இல்லாவிட்டாலும் நியாயமான காலத்துக்குள் முடிக்க வேண்டும் என்றது. 2011இல் நீதிபதி ரவீந்திரன் எழுதிய தீர்ப்பு இன்னும் கறாரானது. அதில் 1981ஆம் ஆண்டு ஒப்பந்தம். தவணைத் தேதிகளே அதன் உயிர் என்று எழுதியிருந்தது. தவணை தவறிய வாங்குபவருக்கு நீண்ட வழக்குக்குப் பிறகும் நிலம் கிடைக்கவில்லை.

வங்கிக் கடன் எப்போது கைக்கு வரும் என்று தெரியாதவர் இந்த வரி உள்ள ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன் கெடுவைத் தள்ளிக் கேட்பது நல்லது. பேச்சளவில் "பார்த்துக்கலாம் பாய்" என்பது போதாது. நீட்டித்த தேதியை இருவரும் கையெழுத்திட்டு அதே ஒப்பந்தத்தின் பின்பக்கமாவது எழுதிக்கொள்ளுங்கள்.